டி.வி.யைத் திருப்பிக் கேள்வி கேட்ட மனிதர்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பரிசளிப்பு விழா மலருக்காக எழுதித் தரப்பட்டது.)

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வேலை முடித்து, வந்த களைப்போடு இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, பின்வரிசையில் சத்தம் போடமாட்டோம் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

"பிள்ளைகளும் டி.வி.யும் கைத்தொலைபேசியும்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று உங்களுக்கு முன்பே தெரியும். "அதை அடைச்சு வையுங்க, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்க." அவ்வளவுதானே? அதை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் இதே பேச்சை நான் மூன்று கூட்டங்களில் பேசிவிட்டேன். நீங்களும் கைதட்டினீர்கள். வீட்டுக்குப் போனதும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டிலும் ஓடியது. ஆகையால் இன்று வேறொன்று பேச நினைக்கிறேன். டி.வி. பெட்டியையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு மனிதரின் கதை அது. முடிவில் என்னுடைய ஒரு தவற்றையும் சொல்வேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

அந்த மனிதரின் பெயர் நாம் ஜூன் பைக். மாணவர்கள் சிரிக்க வேண்டாம். இந்தப் பைக்கிற்குச் சக்கரம் கிடையாது. கொரியாக்காரர்களின் குடும்பப் பெயர் அது. அவர் 1932ஆம் ஆண்டு சியோல் நகரில் பிறந்தார். அப்போது கொரியா ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தகப்பனார் துணி வியாபாரம் செய்த வசதியான மனிதர். வீட்டிலேயே பியானோ கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. நம்மைப் போன்ற கூலிக் குடும்பத்துப் பிள்ளை அல்லர் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1950இல் கொரியப் போர் வந்தது. அந்த வசதியால் அவருடைய ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. குடும்பத்தோடு ஹாங்காங் போய், பிறகு ஜப்பானுக்குப் போனார். தாய்நாட்டை அவர் திரும்பப் பார்க்க 1984ஆம் ஆண்டு வரை ஆயிற்று. ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த வருத்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1956இல் படிப்பை முடித்தார். இசையை மேலும் கற்க ஜெர்மனிக்குப் போனார். அங்கே 1958இல் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரைச் சந்தித்தார். இந்தக் கேஜ் ஒரு விநோதமான மனிதர். 4 நிமிடம் 33 விநாடி எதையும் வாசிக்காமல் இருக்கும் ஓர் இசைப் படைப்பைச் செய்தவர். மண்டபத்தில் தானாக எழும் இருமல், காற்று, நாற்காலிச் சத்தம் ஆகியவற்றைக் கேளுங்கள், அதுவும் இசைதான் என்பது அவருடைய எண்ணம். இந்தச் சந்திப்பு பைக்கின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அதன் பிறகு பைக் செய்தவற்றைச் சொன்னால் நீங்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பீர்கள். 1960இல் கொலோன் நகரில் ஒரு நிகழ்ச்சி. பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து கூட்டத்துக்குள் இறங்கினார். முன்னால் அமர்ந்திருந்த ஜான் கேஜின் டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். தலையில் ஷாம்புவைக் கொட்டினார். பிறகு வெளியே போய்விட்டார். எல்லோரும் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "நிகழ்ச்சி முடிந்தது" என்று தெரிவித்தார். (சட்டாம்பிள்ளைகளே, உங்கள் டையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் கத்தரிக்கோல் இல்லை.) 1962இல் ஒரு வயலினை இரு கைகளால் பிடித்து மெல்ல மெல்லத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒரே அடியில் மேசைமீது அடித்து நொறுக்கினார். அதுதான் முழு நிகழ்ச்சியும்.

"இது என்னாங்க சார் கலை? காசு போட்டு வாங்குன சாமானை உடைக்கிறதா?" என்று ஒரு தகப்பனார் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் அந்த வயலின் கதையைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. அவருடைய எல்லா நிகழ்ச்சிகளும் பிள்ளைகளுக்கு ஏற்றவையும் அல்ல. 1967இல் நியூயார்க்கில் நடந்த ஒன்றைப் போலீஸார் இடையிலேயே நிறுத்திக் கைது செய்தார்கள். நான் அவருக்கு வக்கீலாக வரவில்லை. ஆனால் உடைத்ததோடு நின்றிருந்தால் அவர் பெயர் எனக்குத் தெரிந்திருக்காது. அவர் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள்.

1963ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜெர்மனியின் வுப்பர்ட்டால் நகரில் ஒரு கண்காட்சி வைத்தார். ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய பழைய டி.வி. பெட்டிகளை வாங்கி, உள்ளே கைவைத்து மாற்றியமைத்து அங்கே நிறுத்தினார். ஒரு பெட்டியில் ஒலிவாங்கி இணைக்கப்பட்டிருந்தது. வருபவர் அதில் பேசினால், பாடினால், அந்தக் குரலுக்கு ஏற்பத் திரையில் ஒளி ஆடும். இன்னொரு பெட்டி வண்டியில் கொண்டுவரும்போது கெட்டுப்போயிற்று. படம் முழுவதும் சுருங்கி ஒரே கோடாகத் தெரிந்தது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? பழைய சாமான் வாங்கும் லாரி வரும்வரை வீட்டுப் பின்னால் போட்டுவைப்போம். பைக் அந்தப் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். இருட்டில் ஓர் ஒளிக்கோடு செங்குத்தாக நின்றது. அதையும் ஒரு படைப்பாகவே மக்களுக்குக் காட்டினார். பழுதையும் பயன்படுத்தத் தெரிந்தவர்.

சுவரில் ஒலிநாடாத் துண்டுகளையும் ஒட்டி வைத்திருந்தார். ஒலியைப் படிக்கும் சிறு கருவியைக் கையில் எடுத்து, அந்த நாடாக்களின்மேல் நாமே தேய்க்கலாம். மெல்லத் தேய்த்தால் ஒரு சத்தம், வேகமாகத் தேய்த்தால் வேறொரு சத்தம். கேட்க வந்தவரே வாசிப்பவராகவும் ஆகிவிடுகிறார்.

அருமைப் பெற்றோர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் டி.வி. என்றால் என்ன? எங்கோ ஒரு நிலையத்தில் இருப்பவர் அனுப்புவார். வீட்டில் இருப்பவர் வாய்மூடிப் பார்ப்பார். ஒருவழிப் பாதை. டி.வி. இதுவரை நம்மைத் தாக்கியது, இனி நாம் அதைத் திருப்பித் தாக்குவோம் என்ற கருத்தில் பைக் பேசியதுண்டு. அவர் அந்தப் பெட்டியை அணைக்கச் சொல்லவில்லை. அதன் முன்னே சும்மா உட்காராதே என்றார்.

1965இல் அவர் செய்த ஒன்றை நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். டி.வி. பெட்டியின்மேல் ஒரு பெரிய காந்தத்தை வைத்தார். உடனே திரையில் இருந்த படம் வளைந்து, சுழன்று, ஒரு பூவைப் போல் ஆயிற்று. மந்திரம் இல்லை. பழைய வகைப் பெட்டிக்குள் நீண்ட கண்ணாடிக் குழாய் இருக்கும். அதன் பின்முனையிலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து திரையின் உட்பூச்சில் மோதும். மோதிய இடம் ஒளிரும். காந்தம் அந்தக் கற்றையை வளைக்கிறது. கற்றை வளைந்தால் படமும் வளையும். (பிள்ளைகளே, வீட்டில் செய்து பார்க்காதீர்கள். வண்ணப் பெட்டி கெட்டுப்போகும். பெட்டியின் பின்மூடியைத் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பைக்கோடு ஜப்பானியப் பொறியாளர் ஷுயா அபே போன்ற விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.)

அந்த அபேயோடு சேர்ந்து 1964இல் ஓர் இயந்திர மனிதனையும் செய்தார். அதன் பெயர் கே-456. மோசார்ட் என்ற இசைமேதையின் ஒரு பியானோப் படைப்புக்கு உரிய எண் அது. அந்த உருவம் நியூயார்க் தெருவில் நடந்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் பதவியேற்பு உரையை ஒலித்தது. நடக்க நடக்கப் பின்னால் அவரை விதைகளைக் கழிவுபோல் போட்டுக்கொண்டே போனது! பின்வரிசையில் இப்போது சிரிப்பது வாக்குமீறல் ஆகாது. சிரிக்கத்தான் செய்தார் அவர். 1982இல் அதே இயந்திர மனிதன் சாலையைக் கடக்கும்போது கார் மோதி விழுந்தது. அந்த விபத்தையும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். மனிதன் செய்த இயந்திரம் மனிதனைப் போலவே தடுமாறும், விழும் என்று காட்டினார்.

1971இல் சார்லட் மூர்மன் என்ற அம்மையாருக்காக டி.வி. பெட்டிகளை அடுக்கி ஒரு செல்லோ வாத்தியம் செய்தார். செல்லோ என்பது வயலினைவிடப் பெரியது, உட்கார்ந்து வாசிப்பது. அம்மையார் அதன் தந்தியில் வில்லை இழுக்கும்போது திரைகளில் படங்கள் ஓடும். 1974இல் உயிருள்ள செடிகொடிகளுக்கு நடுவே டி.வி. பெட்டிகளைப் பூக்களைப் போல் வைத்து ஒரு தோட்டம் அமைத்தார்.

அவருடைய படைப்புகளில் என் மனத்தை மிகவும் தொட்டது ஒன்று. அதுவும் 1974இல் செய்யப்பட்டது. ஒரு புத்தர் சிலை. அதன் எதிரே ஒரு டி.வி. பெட்டி. பெட்டிக்குப் பின்னால் ஒரு கேமரா சிலையைப் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே பெட்டியில் தெரிவது அதே புத்தர். புத்தர் தம்மையே பார்த்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்கிறார். அவ்வளவுதான். இதைத் தியானம் என்பார்கள் சிலர். தன்னையே பார்த்து மயங்கி நிற்கும் மனிதனைக் காட்டும் கேலி என்பார்கள் சிலர். நான் கோயில் திருவிழாவில், ஹேண்ட்போனைத் தூக்கிப் பிடித்துத் தம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் படைப்பை நினைக்கிறேன். கைத்தொலைபேசி நம் தோட்டத்துக்கு வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அவர் இதைக் கண்டுவிட்டார்.

1984ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் '1984' என்றே பெயரிட்டு ஒரு நாவல் எழுதியிருந்தார். அதில் வீட்டுத் திரையே மக்களை வேவு பார்க்கும். அந்த ஆண்டு பிறந்த அன்றே பைக், நியூயார்க்கையும் பாரிஸையும் துணைக்கோளத்தால் இணைத்து, பாட்டும் ஆட்டமும் வேடிக்கையும் கலந்த நேரடி நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். கொரியாவிலும் அது தெரிந்தது. "காலை வணக்கம், ஆர்வெல் ஐயா" என்பது போன்ற தலைப்பு. இடையில் இணைப்பில் கோளாறுகளும் வந்தன. இருந்தாலும் நிகழ்ச்சி நடந்தது. இந்தக் கருவி மனிதனை அடிமையாக்கலாம் என்று நீங்கள் சொன்னது சரி, ஆனால் ஊர்களை ஒன்று சேர்க்கவும் இதனால் முடியும் என்று அந்த எழுத்தாளருக்கு அவர் பதில் சொன்னார். அந்த ஆண்டுதான் தாய்நாட்டின் மண்ணையும் மிதித்தார்.

1988இல் சியோல் ஒலிம்பிக்கை ஒட்டி, 1,003 டி.வி. பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினார். உயரம் 18 மீட்டருக்கும் மேல். 1,003 என்பது ஏன்? அக்டோபர் 3 கொரியர்களின் தேசம் பிறந்த நாள். அந்தக் கோபுரத்தின் பெட்டிகள் மூப்படைந்து 2018இல் அணைந்தன. பழுது பார்த்து 2022இல் மீண்டும் ஒளிரச் செய்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1996இல் பக்கவாதம் தாக்கி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்தவர், 2006ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் அமெரிக்காவில் காலமானார். இறுதிச் சடங்கில் வந்தவர்களுக்குக் கத்தரிக்கோல் கொடுக்கப்பட்டது. ஒருவர் டையை ஒருவர் வெட்டி, அவருடைய உடல்மீது வைத்து வழியனுப்பினார்கள். நாற்பத்தாறு வருடத்துக்கு முன் வெட்டிய டையை அவர்கள் மறக்கவில்லை.

அன்பர்களே, இனி என் கதை.

நான் பெரிய பட்டம் பெற்றவன் அல்லன். பயிற்சிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். ஒரு நாள் கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையில் சினிமாப் பாட்டுச் சத்தம். போய்ப் பார்த்தால், பேட்டரியில் ஓடும் ஒரு பழைய வானொலியின் மூடியைக் கழற்றி, ஒலிபெருக்கியை மேல்நோக்கித் திருப்பி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, தாளின்மேல் கொஞ்சம் அரிசியைப் போட்டிருந்தான். பாட்டுக்கு ஏற்ப அரிசி குதித்தது. தவில் சத்தம் வந்தால் துள்ளியது, குரல் வந்தால் அடங்கி நடுங்கியது. வகுப்பே சுற்றி நின்று பார்த்தது.

நான் என்ன செய்தேன்? பிடுங்கினேன். அரிசி தரையில் சிதறியது. "படிப்புல கவனம் இல்ல, சாமான் உடைக்கிறதுலதான் கவனம்" என்று எல்லார் முன்னிலையிலும் ஏசினேன். வானொலியை என் அலமாரியில் பூட்டினேன். ஆண்டு இறுதியில் கொடுக்கலாம் என்றிருந்தேன். மறந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்கு, புகுமுக வகுப்புக்குப் போய்விட்டான்.

இந்த ஆண்டு காட்சிக்கலைக் கல்விப் பாடத்துக்காகத் தேடிப் படித்தபோதுதான் பைக்கைப் பற்றி அறிந்தேன். குரலுக்கு ஏற்ப ஒளி ஆடும் அந்தப் பெட்டியைப் பற்றிப் படித்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. ஓசையைக் கண்ணால் பார்க்கவைத்த அந்தப் பெட்டியை உலகம் கண்காட்சி என்றது. என் வகுப்பில் ஒரு பிள்ளை ஓசையைக் கண்ணால் பார்க்கவைத்தான். நான் அதைக் குற்றம் என்றேன்.

அலமாரியைத் திறந்து வானொலியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாதான் இருந்தார். "அது அவன் தாத்தாவோட ரேடியோங்க சார். அவரு போனப்புறம் இவன்தான் வச்சிருந்தான்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே தொடர்ந்து, "முன்னெல்லாம் எதையாச்சும் கழட்டிக்கிட்டே இருப்பான். இப்ப ஒரு தொந்தரவும் இல்ல. ஹேண்ட்போனை வச்சுக்கிட்டு ஒரு மூலையில உக்காந்துருவான்" என்றார்.

பெற்றோர்களே, அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கு அடிமையாகிறார்கள் என்று உங்களிடம் மூன்று கூட்டங்களில் பேசியவன் நான். கையால் செய்துகொண்டிருந்த ஒரு பிள்ளையை வெறுமனே பார்ப்பவனாக மாற்றிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

மாலையில் பையன் வந்தான். நான் அவன் அம்மா முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்று தரையைப் பார்த்தான். வானொலியை வாங்கி, திருகாணியைக் கழற்றி, உள்ளே பார்த்தான். "பேட்டரியை எடுக்காம வச்சிட்டீங்க சார். கசிஞ்சு கம்பியெல்லாம் பச்சையாயிருச்சு" என்றான். பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தவனுக்கு அது நல்ல பாடம். ஒரு சின்னக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தான். நான் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்று அது பாடவில்லை. அடுத்த வாரம் கரகரவென்று சத்தம் வந்ததாக அம்மா சொன்னார்.

இப்போது என் வேண்டுகோள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் "உன் மார்க்கு எத்தனை, அவன் மார்க்கு எத்தனை" என்பது நம் மனத்திலிருந்து நீங்கவில்லை. பரிசளிப்பு விழாவில் நாம் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறோம். தர வேண்டியதுதான். உழைத்துப் படித்த பிள்ளைகளை நான் குறைத்துப் பேசவில்லை. அதோடு ஒரு மேசையும் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவரும் இசைந்தார். விழாவன்று மண்டபத்தின் பின்புறம் ஒரு நீள மேசை இருக்கும். பிள்ளைகள் தாங்களே செய்த எதுவும் அதில் வைக்கப்படும். செம்பனை மட்டையில் செய்த வண்டியானாலும் சரி, கைத்தொலைபேசியில் தாத்தா பாட்டியைப் பேசவைத்துப் பிடித்த படமானாலும் சரி. பரிசு கிடையாது. நீங்கள் வந்து நின்று, "இது எப்படிச் செஞ்சே?" என்று கேட்க வேண்டும். அதுதான் பரிசு.

வீட்டிலும் ஒன்று செய்யுங்கள். பிள்ளை திரையின் முன்னே உட்கார்ந்திருந்தால் அணைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இதைப் பார்த்து நீ என்ன செய்யப் போறே?" பதில் வராமல் போகலாம். நாளைக்கும் கேளுங்கள். மின்சாரச் சாமானைத் திறக்க வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் "கை சும்மா இருக்காதா?" என்று ஏசாதீர்கள். சும்மா இருக்காத கைதான் நமக்கு வேண்டும். பால்மரம் வெட்டிய கைகளும் செம்பனைக் குலை தள்ளிய கைகளும்தான் இந்தப் பள்ளியை எழுப்பின.

விழாவன்று அந்த மேசையின் ஓரத்தில் ஒரு பழைய வானொலி இருக்கும். தாள் கட்டி, மேலே அரிசி போட்டிருக்கும். கொண்டுவருவதாகப் பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். அருகே போய்ப் பாருங்கள். அரிசி குதித்தால் கைதட்டுங்கள். குதிக்காவிட்டால் அவனையே கேளுங்கள், ஏன் என்று அவன் விளக்குவான்.